பறக்கத் தெரிந்தும் நடந்து போகும் தேவதை

‘தி பைரேட் ஃபேரி’ படத்தின் தொடக்கத்தில் ஒரு தேவதை நடந்து போகிறாள். மற்ற தேவதைகள் எல்லோரும் தலைக்கு மேலே சிறகடித்துக் கடக்க, ஸரீனா மட்டும் காலால் நடந்தே வேலைக்குப் போகிறாள். அவளுடைய சிறகில் குறை எதுவும் இல்லை. பறப்பதற்கென்று அன்றாடம் அளந்து கொடுக்கப்படும் மாயத் தூளைச் செலவழிக்க மனமில்லாமல் மிச்சம் பிடிக்கிறாள். மிச்சம் பிடித்ததை வீட்டில் வைத்துச் சோதனை செய்கிறாள். அந்தத் தூள் எதனால் ஆனது, ஏன் பொன்னிறமாக மட்டும் இருக்கிறது, வேறு நிறத்தில் செய்தால் என்ன ஆகும் என்பவை அவளுடைய கேள்விகள்.

2014-இல் வந்த இந்த 78 நிமிட அனிமேஷன் படத்தை, தேவதையும் கடற்கொள்ளையரும் வரும் இன்னொரு பிள்ளைப் படம் என்று பலரும் கடந்து போயிருப்பார்கள். ‘பீட்டர் பேன்’ கதையில் வரும் குட்டித் தேவதை டிங்கர் பெல்லை மையமாக வைத்து டிஸ்னிடூன் ஸ்டூடியோஸ் எடுத்த வரிசையில் இது ஐந்தாவது முழுநீளப் படம். பெக்கி ஹோம்ஸ் இயக்கினார். வரிசையிலேயே சிறந்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு கேள்வியைச் சுற்றிக் கட்டப்பட்ட படம் என்பது முதல் காரணம். ஸரீனா, டிங்கர் பெல், கப்பல் தலைவன் ஜேம்ஸ் ஆகியோரெல்லாம் இருந்தாலும் கதையை நடத்திச் செல்வது அந்தத் தூள்தான் என்பது இரண்டாவது. அந்தத் தூளுக்கு நூறாண்டு கடந்த ஒரு வரலாறு இருக்கிறது. அது தொடங்கியது குழந்தைகளுக்கு அடிபட்டதிலிருந்து.

1904 டிசம்பர் 27 அன்று லண்டனின் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் ஸ்காட்லாந்துக்காரரான ஜே.எம். பாரியின் ‘பீட்டர் பேன்’ நாடகம் முதன்முதலாக மேடையேறியது. நடிகர்கள் உண்மையிலேயே மேடையில் பறந்தார்கள். ஜார்ஜ் கர்பி என்பவரின் நிறுவனம் கம்பியும் இடுப்புப் பட்டையும் கொண்டு அதற்கு ஏற்பாடு செய்திருந்தது. நல்ல நினைவுகளை நினைத்தாலே பறந்துவிடலாம் என்று கதைநாயகனான சிறுவன் பீட்டர் சொல்வான், பிள்ளைகள் எழும்புவார்கள். நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய குழந்தைகள் அதை அப்படியே நம்பினார்கள். நல்லதை நினைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தார்கள். பலருக்கு மருத்துவரிடம் போகுமளவுக்கு அடிபட்டது. பெற்றோர் முறையிட்ட பிறகுதான், தேவதைத் தூள் மேலே ஊதப்பட்டால் ஒழிய யாராலும் பறக்க முடியாது என்ற விதியை நாடகத்தில் சேர்த்ததாக, 1928-இல் அச்சான நாடகத்துக்கு எழுதிய அர்ப்பண உரையில் பாரியே சொல்கிறார்.

எச்சரிக்கைப் பலகை வைப்பதை விட இது கெட்டிக்காரத்தனம். ‘குதிக்காதே’ என்றால் குழந்தை குதிக்கும். ‘குதிக்கலாம், ஆனால் அதற்கு ஒரு தூள் வேண்டும், அது நம் வீட்டில் இல்லை’ என்றால் தூளைத் தேடப் போய்விடும்.

அந்த மேடையில் டிங்கர் பெல்லுக்கு உருவம் கிடையாது. சிறு கண்ணாடி கொண்டு பாய்ச்சிய ஒளிப்புள்ளிதான் அவள். அவளுடைய பேச்சு மணியோசை. 1953-இல் வால்ட் டிஸ்னியின் முழுநீளச் சித்திரப் படம் வந்தபோதுதான் மார்க் டேவிஸ் என்ற ஓவியர் அவளுக்கு முகமும் இடுப்பும் பச்சை இலை உடையும் கொடுத்தார். மர்லின் மன்றோவைப் பார்த்து வரைந்தார்கள் என்று இன்றும் சொல்லப்படும் கதை பொய். மார்கரெட் கெர்ரி என்ற நடிகை அவளுடைய அசைவுகளை நடித்துக் காட்ட, அதைப் பார்த்து வரைந்தார்கள். அந்தப் படத்தில் தூள் கண்ணுக்குத் தெரியும் பொன்துகளாக ஆனது. அவள் பறக்கும் வழியெல்லாம் அது உதிர்ந்தது. பிறகு தொலைக்காட்சியில் டிஸ்னி நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அவள் வந்து அதைத் தூவிவிட்டுப் போக, தூள் ஒரு நிறுவனத்தின் முத்திரையாகவும் மாறியது. அதுவரை அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. உதிர்ந்தது, பறந்தார்கள், அவ்வளவுதான்.

கேள்வி எழுந்தது வணிகத்தால். 2000-க்குப் பிறகு டிஸ்னியின் பழைய இளவரசிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே வணிகப் பெயரில் விற்ற திட்டம் பெரும் வெற்றி பெற்றது. இளவரசி வயதைத் தாண்டிய சிறுமிகளுக்கும் ஏதாவது வேண்டும் என்று 2005-இல் ‘டிஸ்னி ஃபேரிஸ்’ தொடங்கப்பட்டது. முதலில் புத்தகங்கள், பிறகு படங்கள், கூடவே பொம்மைகள். டிங்கர் பெல் ஒருத்தியை வைத்து இத்தனையும் செய்ய முடியாது. அவளுக்கு ஊர் வேண்டும், தோழிகள் வேண்டும், அரசி வேண்டும், வேலை வேண்டும். ஓர் ஊர் என்று வந்துவிட்டால் அங்கே பண்டம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லியாக வேண்டுமே. ஆக, தூளுக்கு ஒரு மரம் முளைத்தது. மரத்திலிருந்து கொட்டும் தூளைச் சேமிக்க ஒரு கிடங்கு, காவலர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிண்ணம் என்ற அளவு எல்லாம் வந்தன. ரேஷன் கடையில் எடைபோட்டுத் தருவது போல மாயத்தை அளந்து தரும் ஓர் அலுவலகமே உருவாகிவிட்டது. 2009-இல் வந்த படம் இன்னொரு படி மேலே போனது: எட்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் நீல நிலவின் ஒளி, நிலாக்கல் ஒன்றின் வழியே பாய்ந்து நீலத் தூளாக மாறும். அந்த நீலத் தூள்தான் மரத்துக்கு உயிர் ஊட்டும்.

பாரி இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த நிர்வாக விவரங்களையெல்லாம் ‘தி பைரேட் ஃபேரி’ சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அளவும் காவலும் இருக்கும் இடத்தில், அதைக் கேள்வி கேட்கும் ஓர் ஊழியரும் இருந்தாக வேண்டும். ஸரீனா அந்தக் கிடங்கின் தூள் காவலர்களில் ஒருத்தி. மேலாளர் கேரி அன்பானவர், ஆனால் விதியை மீறாதவர். நீலத் தூள் ஒரு துளி விழுந்தால் பொன் தூள் பெருகும் என்பதைக் காட்டுவார், ஏன் பெருகுகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. தலைமுடியில் தற்செயலாக ஒட்டிக்கொண்ட ஒரு நீலத் துகளைக் கொண்டு ஸரீனா வீட்டில் தன் ஆராய்ச்சியைத் தொடங்குகிறாள். விதவிதமான நிறங்களில் தூள் வருகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திறமை: ஒன்று காற்றை ஆளும், ஒன்று செடியை வளர்க்கும். அந்தச் செடித் தூள் கைமீறிப் போகிறது. கொடிகள் ஊருக்குள் பாய்ந்து கிடங்கை நொறுக்குகின்றன. வேலை போகிறது. தன் குப்பிகளை எடுத்துக்கொண்டு ஊரை விட்டே போய்விடுகிறாள்.

இந்த முதல் பகுதியில் படம் காட்டும் நிதானம் பாராட்டத் தக்கது. ஸரீனா செய்தது ஆபத்தான காரியம், அதை மறைக்கவில்லை. கேரி கொடுமைக்காரர் இல்லை, அதையும் மறைக்கவில்லை. ஆய்வகம் இல்லாத ஊரில் ஆர்வமுள்ள ஒருத்தி வீட்டு மேசையில் ரசாயனம் செய்தால் விபத்து நடக்கத்தான் செய்யும். அவளுக்கு ஒரு பாதுகாப்பான மேசையைக் கொடுத்திருக்கலாமே என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடவே இருந்து விபத்தைப் பார்த்த டிங்கர் பெல்லுக்கும் தோன்றவில்லை, அவளே பொருள்களைப் பிரித்துப் பார்த்து மாட்டும் கம்மியர் வகைத் தேவதையாக இருந்தும்.

இங்கே இந்த வரிசையின் முதல் படத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 2008-இல் வந்த அந்தப் படத்தில், தேவதை பிறந்த கணமே அவள் முன்னால் சில பொருள்கள் வைக்கப்படும். எது ஒளிர்கிறதோ அது அவள் தொழில். டிங்கர் பெல்லுக்குச் சுத்தியல் ஒளிர்கிறது. அவள் தோட்டவேலை, நீர்வேலை என்று வேறு எதையாவது கற்கப் பார்க்கிறாள், எல்லாம் கெடுகிறது, கடைசியில் தனக்கு வாய்த்ததே தனக்குச் சிறப்பு என்று தெளிகிறாள். மேற்கத்திய விமர்சகர்கள் இதைத் தன்னை ஏற்றுக்கொள்ளும் பாடமாகப் பார்த்தார்கள். பிறப்பால் தொழில் தீர்மானிக்கப்பட்ட சமூகத்தின் நியாயங்களை நன்றாகவே அறிந்த நமக்கு அது உறுத்தாமல் போகாது.

ஸரீனா அந்த ஏற்பாட்டைத் தெரிந்தோ தெரியாமலோ உடைக்கிறாள். ஓராண்டுக்குப் பின் ஊர்த் திருவிழா நடக்கும்போது திரும்பி வந்து, பாப்பி மலர்களால் எல்லோரையும் உறங்கவைத்து நீலத் தூளைத் திருடிக்கொண்டு போகிறாள். துரத்திப்போன டிங்கர் பெல்லின் மீதும் ஐந்து தோழிகள் மீதும் அவள் வீசும் பலநிறத் தூள் அவர்களின் திறமைகளை இடம் மாற்றிவிடுகிறது. டிங்கர் பெல் நீரை ஆள்கிறாள். எப்போதும் வேகத்தில் பெருமை கொள்ளும் விடியா கம்மியர் ஆகிவிட, அமைதியான சில்வர்மிஸ்ட்டுக்கு அந்த வேகம் போய்ச் சேருகிறது. கையில் மண்படுவதையே விரும்பாத ரோஸெட்டாவுக்கு விலங்குகளோடு பழகும் திறமை வருகிறது. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த முதலைக் குட்டி அவளையே தாயாக நினைத்துப் பின்தொடர்கிறது. சிரிப்புக்காக வைத்த பகுதிதான். ஆனாலும் அதில் ஒரு வெடிமருந்து இருக்கிறது. திறமை தூளின் நிறத்தைப் பொறுத்தது, பிறப்பைப் பொறுத்தது அல்ல என்றால், பிறந்த அன்று நடக்கும் அந்தச் சடங்குக்கு என்ன பொருள்? படம் அந்த எல்லை வரை வந்து நின்றுவிடுகிறது. இறுதியில் அவரவர் திறமை அவரவருக்கே திரும்புகிறது, ஊர் பழையபடி ஆகிறது. ஸரீனாவுக்கு மட்டும் அவள் கலையைச் செய்ய இடம் கிடைக்கிறது. ஒரு விதிவிலக்கு அளித்து விதியைக் காப்பாற்றிக்கொள்ளும் பழைய உத்தி.

கொள்ளையர் பகுதிக்கு வருவோம். ஊரைவிட்டுப் போன ஸரீனா ஒரு கொள்ளைக் கப்பலின் தலைவி ஆகியிருக்கிறாள். பெண் கொள்ளையர் என்பது கற்பனை இல்லை. ஆன் பானி, மேரி ரீட் இருவரும் 1720-இல் ஜமைக்காவில் பிடிபட்டு விசாரணைக்கு நின்றவர்கள். நான்கு ஆண்டு கழித்து லண்டனில் அச்சான கொள்ளையர் வரலாற்று நூல் அவர்களைப் புகழ்பெறச் செய்தது. ஆனால் கைவிரல் உயரமுள்ள ஒருத்தி வளர்ந்த ஆண்களுக்குத் தலைமை தாங்குவது எப்படி? தேவதைகள் பேசுவது மனிதர் காதில் மணியோசையாகத்தான் விழும், பாரியின் மேடையில் இருந்ததைப் போலவே. கப்பலில் அந்த மொழி புரிவது ஜேம்ஸ் என்ற இளம் பணியாளனுக்கு மட்டும். அவள் கட்டளையிட, அவன் மொழிபெயர்க்கிறான். உண்மையான தலைவன் அவன்தான் என்பதை வயது வந்தவர்கள் அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவே நின்று சொல்லை மாற்றித் தருபவன் கையில்தான் அதிகாரம் இருக்கும்.

ஜேம்ஸ்தான் பின்னாளில் ‘பீட்டர் பேன்’ கதையின் வில்லனாகும் கேப்டன் ஹுக். அவனுக்குத் தூள் தேவைப்படுவது ஒரே காரணத்துக்கு: கப்பலைப் பறக்கவைக்க வேண்டும். கடலில் துரத்துபவனிடமிருந்து தப்பலாம், வானத்திலிருந்து வருபவனிடமிருந்து எந்தத் துறைமுகமும் தப்ப முடியாது. மண்டையோட்டுப் பாறைக்குள் ஸரீனாவைக் கொண்டு ஒரு தூள் மரத்தை வளர்த்துவிட்டு, காரியம் முடிந்ததும் அவளை ஒரு விளக்குக் கூண்டில் அடைக்கிறான். 1953 படத்தின் இறுதியில் பொன்னாக மின்னிக்கொண்டு வானில் மிதக்கும் கப்பல் குழந்தைகளை வீட்டுக்குக் கொண்டுவந்த கப்பல். அதே காட்சியை இந்தப் படம் ஒரு திருடனின் ஆசையாகத் திருப்பிப் போடுகிறது. வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கற்பனை இது.

ஹுக்கின் பிறப்பும் சுவையானது. முதல் வரைவில் அவனுக்கு இடமே இல்லை என்றும், காட்சி மாற்றும் பணியாளர்களுக்கு நேரம் வேண்டுமென்று திரைக்கு முன்னால் நடிக்க ஒரு கொள்ளையர் காட்சி சேர்க்கப்பட்டபோதுதான் அவன் வளர்ந்தான் என்றும் நாடக வரலாற்றில் சொல்லப்படுகிறது. தூளைப் போலவே அவனும் நடைமுறைத் தேவைக்குப் பிறந்தவன். பாரியின் ஹுக் முரடன் இல்லை. ஈட்டன் பள்ளியில் படித்த கனவான். ‘ஈட்டன் தழைக்கட்டும்’ என்ற லத்தீன் வாசகம்தான் நாடகத்தில் அவனுடைய கடைசிச் சொல். மரியாதையாகப் பேசும்போதுதான் அவன் மிகவும் பயங்கரமானவன். 1927-இல் பாரி ஈட்டனுக்கே போய் ‘ஈட்டனில் கேப்டன் ஹுக்’ என்று ஓர் உரை நிகழ்த்தினார். படத்தில் ஜேம்ஸுக்குக் குரல் கொடுத்த டாம் ஹிடில்ஸ்டனும் ஈட்டனில் படித்தவர். திட்டமிட்ட தேர்வோ தற்செயலோ, அந்தக் குரலின் வழவழப்பான பணிவு பாரியின் ஹுக்குக்கு 1953 படத்தின் கோமாளி ஹுக்கைவிட நெருக்கமாக இருக்கிறது.

முன்கதை எடுப்பதில் ஒரு வம்பு உண்டு. பழைய கதையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கம் சொல்லப் புறப்பட்டால் கணக்கு உதைக்கும். பாரியின் கதையில் பீட்டர் ஹுக்கின் கையை வெட்டி முதலைக்குப் போட்ட பிறகுதான் அது ருசி கண்டு அவனைத் துரத்துகிறது. வயிற்றில் டிக்டிக் என்னும் கடிகாரம் இருப்பதால் அவன் தப்பிக்கிறான். இங்கேயோ ஜேம்ஸுக்கு இரண்டு கையும் முழுசாக இருக்கும்போதே முதலைக் குட்டி கடிகாரத்தை விழுங்கிவிடுகிறது. எந்தக் கை போனது என்பதிலேயே பாரிக்கும் டிஸ்னிக்கும் உடன்பாடு இல்லை: நாவலில் வலது, சித்திரப் படத்தில் இடது. மண்டையோட்டுப் பாறையும் பாரியுடையது இல்லை, 1953 படத்துக்காக வரையப்பட்டது. பெயர்ப் பட்டியல் ஓடிய பிறகு, கடலில் தத்தளிக்கும் ஜேம்ஸை, பழைய கதையில் ஹுக்கின் கையாளாக வரும் ஸ்மீ வந்து தூக்குகிறான். அந்தக் காட்சி வரை உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள்தான் என்று பந்தயம் கட்டலாம், ஸ்மீ யாரென்று தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

அந்தப் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் நின்று படித்தால் நிறைய இந்தியப் பெயர்கள் தென்படும். கதையும் வடிவமைப்பும் கலிஃபோர்னியாவில் நடந்தாலும், இந்த வரிசையின் அனிமேஷன் வேலையின் பெரும்பங்கைச் செய்தது மும்பையில் பெரிய கூடம் வைத்திருந்த பிராணா ஸ்டூடியோஸ். காரணம் செலவு என்பதில் ரகசியம் இல்லை. டிஸ்னிடூன் தொண்ணூறுகளிலிருந்தே புகழ்பெற்ற படங்களின் மலிவான தொடர்ச்சிகளை நேரடியாக வீடியோவில் விற்றுப் பிழைத்த பிரிவு. 2006-இல் பிக்ஸார் என்ற அனிமேஷன் நிறுவனத்தை டிஸ்னி வாங்கி, பிக்ஸாரின் ஜான் லாஸட்டர் படைப்புப் பொறுப்புக்கு வந்ததும் அந்தத் தொடர்ச்சிகள் நிறுத்தப்பட்டன. பாதி முடிந்திருந்த டிங்கர் பெல் படம் திரும்பத் திருத்தி எழுதப்பட்டது, குரல் நடிகை மாற்றப்பட்டு மே விட்மன் வந்தார், வெளியீடு 2008-க்குத் தள்ளிப்போனது. மலிவுப் பிரிவாக இருந்த இடத்தில் தரம் கேட்கப்பட்டதன் பலன் ஒவ்வொரு படத்திலும் கூடிக்கொண்டே வந்தது. ‘தி பைரேட் ஃபேரி’யின் கடல்நீரைப் பார்த்தால் தெரியும்.

பிராணாவின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம், அதற்காக ஆஸ்கர் வாங்குவதற்குச் சில நாள் முன்பு, 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதை ஏலத்தில் வாங்கியது பிராணா தரப்புதான். காட்சிகளைச் செய்து தருபவர்களின் பிழைப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு அந்த ஒரு மாதம் போதும்.

அமெரிக்காவில் ‘தி பைரேட் ஃபேரி’ திரையரங்குக்குப் பரவலாக வரவில்லை. 2014 ஏப்ரல் 1 அன்று வட்டாக விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் அதற்கு முன்பே, பிப்ரவரி 14 அன்று, திரையரங்கில் ஓடியது. வட்டு வாங்கும் பழக்கமே தேய்ந்துவந்த காலம். அடுத்து ஒரே ஒரு டிங்கர் பெல் படம் வந்தது. வரிசை நின்றது. 2018-இல் டிஸ்னிடூன் மூடப்பட்டது.

மூலக் கதையின் உரிமையோ வேறு பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. 1929-இல் பாரி ‘பீட்டர் பேன்’ உரிமையை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அவர் 1937-இல் இறந்தார். ஐம்பது ஆண்டுக் காப்புரிமை 1987-இல் முடிந்தபோது, முன்னாள் பிரதமர் ஜேம்ஸ் கேலகன் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இடம்பெற்று, பிரிட்டனில் அந்த நாடகம் நடத்தப்படும்போதெல்லாம் மருத்துவமனைக்கு உரிமத்தொகை போய்ச்சேரும் என்று ஆனது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1928-இல் அச்சான நாடகப் பிரதி 2024 ஜனவரி 1 அன்று அங்கே பொதுவுடைமை ஆகிவிட்டது. பீட்டரையும் ஹுக்கையும் மணியோசையாகப் பேசும் டிங்கர் பெல்லையும் அங்கே இனி யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், பீட்டரை வைத்து ஒரு பேய்ப்படம்கூட வந்துவிட்டது. பச்சை இலை உடையும், நீலத் தூளும், ஸரீனாவும் டிஸ்னியின் சொத்தாகவே இருக்கின்றன.